ஏலக்காய் போடாத வட்டலப்பம்

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் ஒழுங்கையில், இந்தச் சந்து முழுக்கச் சொல்வார்கள். சொல்லட்டும். ஸுஹைராவுக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டே வாயைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள்தான் நல்லவர்கள் என்றால், நான் கெட்டவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஸுஹைரா என் பக்கத்து வீட்டுக்காரி. புத்தளத்தில் உப்பளத்துக்குப் போகிற ரோட்டோரம் எங்கள் வீடுகள். நடுவில் ஒரு தகர வேலி இருந்தது. ஆணம், கறி கொடுக்கவும் வாங்கவும் ஒவ்வொரு தடவையும் ரோட்டைச் சுற்றி வருவதாவது என்று ஒரு தகரத்தைக் கழற்றிவிட்டோம். அவள் என்னைத் தாத்தா என்று கூப்பிடுவாள். எங்கள் ஆட்களுக்கு அக்கா என்றால் தாத்தாதான்.

பிள்ளை பிறந்த வீடுகளுக்குச் சாப்பாடு ஆக்கிக் கொடுப்பது அவள் வேலை. பிள்ளைப்பெத்தவளுக்கு நாற்பது நாள் முடியும்வரை என்ன கொடுக்கலாம், என்ன கூடாது என்று இன்று எந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? ஸுஹைராவைக் கேள் என்பார்கள். மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள் எல்லாம் வறுத்து அம்மியில் அரைத்து, உள்ளிப் பூண்டை முழுதாகப் போட்டு ஒரு சரக்குக் கறி வைப்பாள். பால் சுரக்கப் பால்சுறா வறை. முருங்கையிலைச் சுண்டல். சிவப்பரிசிச் சோறு. அந்தப் பால்சுறா வறைக்காகவே இன்னொரு பிள்ளை பெறலாம் என்று நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன். இந்த வயதிலா என்று சிரிப்பாள்.

கை அப்படி. அந்தக் கையில் அவளுக்கு ஒரு நம்பிக்கையும் இருந்தது. புருஷன்மாரைப் பற்றி நாங்கள் நாலு பெண்கள் கூடிக் கதைத்தால், அவள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். கடைசியில் சொல்வாள்: "எனக்கு அந்தப் பயம் இல்ல தாத்தா. என்ட கையால தின்ட மனிசன் வேற இடத்துல கை நனைக்கமாட்டாரு."

அந்த மனிசன் றிஸ்மின். கரைத்தீவுப் பக்கம் போய் இறால் வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டு, வேனில் புத்தளத்துக்குக் கொண்டுவருவார். பெரிய சத்தக்காரர் இல்லை. சாப்பாட்டில் மட்டும் ஒரு வில்லங்கம். ஏலக்காய் ஆகாது. வாசம் பட்டாலே குமட்டும். தேத்தண்ணியில் போட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்.

கலியாணம் முடித்த முதல் பெருநாளிலேயே அது தெரிந்துவிட்டது. ஸுஹைராவின் ஊர் கற்பிட்டி. முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் அடித்து அவிக்கிற வட்டலப்பத்துக்கு அவள் உம்மா ஏலக்காயை அள்ளிப் போடுவாராம். அவிகிற வாசம் கடற்கரைவரை வீசும் என்பாள். அதே மாதிரிச் செய்து புது மாப்பிள்ளைக்கு முன்னால் வைத்தாள். அவர் எழும்பி வெளியே ஓடிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டு வட்டலப்பத்தில் ஏலக்காய் இல்லை. சாதிக்காயைக் கொஞ்சம் சீவிப் போடுவாள், உப்பு ஒரு கிள்ளு. அவளாகவே போட்டுப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்த கணக்கு அது. இருபது வருஷத்துக்குக் கிட்ட அவள் ஏலக்காய் போட்ட வட்டலப்பத்தைத் தொடவில்லை. பெருநாளைக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்தால்கூட, "வீட்டுக்குள்ள வாசம் நிண்டா அவருக்கு ஏலாது தாத்தா" என்று மகள் ஸஹ்றாவிடம் கொடுத்து வெளியே வைத்துச் சாப்பிடச் சொல்வாள். தனக்கு அது எவ்வளவு விருப்பம் என்று அவரிடம் சொன்னதே இல்லை. நான் கேட்டதற்கு, "சொன்னா அவருக்குச் சங்கடம்" என்றாள்.

போன வருஷம் மாரி தொடங்கும் நேரம், றிஸ்மினின் மூத்த சகோதரி, சித்தி லெய்லா என்று பெயர், வந்து ஸுஹைராவிடம் ஒரு உதவி கேட்டார்.

"கரைத்தீவுல எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ள, பிள்ளப்பெத்திரிக்கா. உம்மா மவுத்து. ஆக்கிப்போட ஆளில்ல. நீங்க சமைச்சுக் குடுத்தா, தம்பி போற வழியில குடுத்துட்டுப் போவான்."

உம்மா இல்லாத பிள்ளை என்று கேட்டதும் ஸுஹைராவுக்கு மனம் இளகிவிட்டது. "சல்லி ஒண்டும் வேணாம் மதினி. நாப்பது முடியிற மட்டும் நான் பாத்துக்கிறன்" என்றாள்.

அன்றிலிருந்து விடியவே அம்மிச் சத்தம் கேட்கும். மற்ற வீடுகளுக்கு ஆக்குவதைவிட ஒரு பிடி கூடவே போட்டாள் என்றுதான் சொல்வேன். பால்சுறா கிடைக்காத நாளில் மீன் மார்க்கட்டுக்குத் தானே போனாள். நாலு தட்டுச் சாப்பாட்டுக் கரியரில் அடுக்கி, துணியால் சுற்றி, வேனின் முன் சீட்டில் அவளே வைத்துவிடுவாள். சரிந்துவிடாமல் பார்த்து ஓட்டச் சொல்வாள்.

அந்தி பட்டால் கரியர் கழுவித் துடைத்து வெறுமையாகத் திரும்பி வரும். அது அவளுக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. எங்களில் யாரும் ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்பமாட்டோம். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புவோம். "சின்னப் பிள்ள, உம்மாவும் இல்ல. யாரு சொல்லிக் குடுக்கிற?" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். றிஸ்மின் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் றிஸ்மினின் வேன் கரைத்தீவில் பழுதாகி நின்றுவிட்டது. இரவு வரமாட்டேன், காலையில் சாமான் வாங்கிப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று போனில் சொன்னார். கரியரை, புத்தளத்துக்கு வந்துகொண்டிருந்த மீன் வியாபாரி ஜப்பாரிடம் அந்தப் பிள்ளையே கொடுத்து அனுப்பியிருந்தது. ஜப்பார் கேற்றில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கரியர் பாரமாக இருந்தது. ஸுஹைரா திறந்து பார்த்துவிட்டு, வேலிக்கு இந்தப் பக்கம் ஓடி வந்தாள்.

"தாத்தா, பாருங்களே. நான் அந்தப் பிள்ளையச் சும்மா ஏசிட்டன். வட்டலப்பம் அனுப்பியிருக்கு."

அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பச்சை உடம்போடு அடுப்படியில் நின்று செய்திருக்கிறதே என்று கவலையும்பட்டாள். ஆளுக்கொரு கரண்டி எடுத்தோம். நன்றாக அவிந்திருந்தது. கித்துள் கருப்பட்டி, நல்ல கட்டிப் பால், மேலே கஜுப் பருப்பு.

"பாவம், ஏலக்காய் போட மறந்திட்டா" என்று நான் சிரித்தேன்.

ஸுஹைரா சிரிக்கவில்லை. இன்னொரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு மணந்து பார்த்தாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

"மறக்கல்ல தாத்தா. சாதிக்காய் போட்டிருக்கு. உப்பும் கிள்ளிப் போட்டிருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அதன்பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கணக்கை அவள் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்குக்கூடத் தின்றுதான் தெரியும். சாப்பிட்டவர் ஒருவர்தான் அதைக் கரைத்தீவுவரை கொண்டுபோயிருக்க முடியும்.

விடிந்ததும் அம்மிச் சத்தம் கேட்டது. வழக்கம்போலச் சமைத்தாள். கரியரைத் துணியால் சுற்றிக்கொண்டு என் வாசலுக்கு வந்து, "வாங்க தாத்தா, நாமளே குடுத்திட்டு வருவம்" என்றாள். எலுவன்குளம் பஸ்ஸில் ஏறினோம். கரியரை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்கக் களப்புக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஒரு சொல் பேசவில்லை. நானே பேசாமல் இருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரைத்தீவில் இறங்கி, சந்திக் கடையில் அவளே கேட்டாள். "பிள்ள பிறந்த வீடு ஒண்டு. புத்தளத்துல இருந்து சாப்பாடு வாற வீடு."

"றிஸ்மின் நானாட வீடா?" என்று, தன் அண்ணன் வீட்டைச் சொல்வதுபோல, கடைக்காரர் கையை நீட்டிக் காட்டினார். "அந்தா, நீலக் கேற்று."

நான் கடைக்காரரிடம் இன்னும் கேட்க வாயெடுத்தேன். அவள் நடந்தாள்.

கேற்றைத் திறந்தது ஷஸ்னா என்ற அந்தப் பிள்ளைதான். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும். வடக்கிலிருந்து வெளியேறி வந்த குடும்பம். மெலிந்த உடம்பு, தோளில் குழந்தை. கரியரைப் பார்த்ததுமே யார் என்று விளங்கிவிட்டது. பயந்துபோகும் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை வந்து ஸுஹைராவின் கையைப் பிடித்துக்கொண்டது.

"வாங்க தாத்தா. அவர் சாமான் வாங்க டவுனுக்குப் போயிட்டாரு. உங்களப் பாக்கோணும் எண்டு எத்தின நாள் கேட்டிருப்பன். நீங்க இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் எண்டீங்களாமே."

ஸுஹைரா கதிரையில் உட்கார்ந்தாள். "வேற என்ன சொன்னாரு?"

"நிக்காஹ்வுக்கு முந்தி நான் பயந்தன் தாத்தா. உங்களுக்குத் தெரியுமா, சம்மதமா எண்டு கேட்டுக்கிட்டே இருந்தன். சம்மதம்தான் எண்டாரு, நான் நம்பல்ல. பிள்ள பிறந்து உங்கட கையால சோறு வந்தபிறகுதான் நம்பினன். சம்மதம் இல்லாத ஆள் இப்பிடி ஆக்கி அனுப்புவாங்களா?"

களவாகக் கலியாணம் முடித்தது ஒரு அநியாயம். அவள் விடிய விடிய அரைத்து, வறுத்து, துணி சுற்றி அனுப்பிய சோற்றை அவளுடைய சம்மதமாகக் கொண்டுபோய் வைத்திருக்கிறார் அந்த மனிதர். அவளுடைய கையை வைத்தே அவளுடைய வாயை அடைத்திருக்கிறார். வாய் திறந்து பேசப் போனேன். ஸுஹைரா என் கையை அமத்தினாள்.

"வட்டலப்பத்துக்கு ஏன் ஏலக்காய் போடல்ல?" என்று கேட்டாள்.

"அவருக்கு ஆகாதே. சாதிக்காய் போடச் சொல்லித் தந்தாரு. நீங்களும் ஏலம் வாயில வைக்கமாட்டீங்களாம், உங்களுக்கும் அறவே பிடிக்காதாம். அதான் பயமில்லாம அனுப்பினன். நான் ஒவ்வொரு நாளும் ஏதாச்சும் போட்டுத்தானே அனுப்புறன், வந்ததா?"

வரவில்லை. வழியிலேயே நிறுத்தி அவர் தின்றிருக்கிறார், இல்லாவிட்டால் களப்பில் கொட்டியிருக்கிறார். ஒரு பிடி சீனிகூட இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் போய் வர அவர் விடவில்லை.

ஸுஹைரா எழும்பி, கரியரைத் திறந்து, சோறும் வறையும் போட்டு அந்தப் பிள்ளையின் முன்னால் வைத்தாள். ஆறப்போகுது, தின்னு என்றாள். தின்று முடியும்வரை குழந்தையை வைத்திருந்தாள். பெண் குழந்தை. பிறகு சொன்னாள்.

"எனக்கு ஒண்டும் தெரியாது மகள். நேத்து அந்திக்குத்தான் தெரிஞ்ச. உம்மா இல்லாத பிள்ள எண்டு அனுப்பினன். இனி அனுப்பமாட்டன். அனுப்பினா அது சம்மதம் எண்டு ஆயிரும்."

அந்தப் பிள்ளை அழத் தொடங்கியது. அதுவும் ஏமாந்ததுதான், அதை நான் மறுக்கவில்லை. கரியரைக் கழுவி, விம்மிக்கொண்டே, உள்ளே என்னத்தையோ வைக்கப் போனது. "வேணாம். வெறுமையாவே தா" என்று ஸுஹைரா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். நாற்பது முடியாத ஒருத்திக்கு அவள் சோறு நிறுத்தியது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் அதைச் சொல்லித்தான் அழுதாள்.

அந்திக்கு றிஸ்மின் வந்தார். ஸுஹைராவின் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது போல. கோபமாகவாவது பேசுவார் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. "நான் ஹராமா ஒண்டும் செய்யல்லியே. முறையா நிக்காஹ்தானே" என்றார். முறையாம். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நீயும்தானே சாப்பாடு அனுப்பின, ஊருக்கே தெரியும். இப்ப வந்து இல்ல எண்டா யாரு நம்புற" என்றார்.

ஏன் செய்தீர்கள் என்றுகூட ஸுஹைரா கேட்கவில்லை. ஸஹ்றாவைக் கூப்பிட்டு, வாப்பாவின் உடுப்புப் பேக்கை எடுத்துவரச் சொன்னாள். ஸஹ்றா கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

அடுத்த நாள் சித்தி லெய்லா வந்தார். உலகத்தில் இல்லாத ஒன்றா நடந்துவிட்டது என்ற கதை. வேலிக்கு அந்தப் பக்கம் போய், "உம்மா இல்லாத பிள்ள எண்டு சொன்ன வாய்தானே இது" என்று நான் கேட்டேன். இன்னும் சிலதும் கேட்டேன், அதை எழுத முடியாது. இன்றுவரைக்கும் அந்த மனுஷி எங்கள் ஒழுங்கையால் வருவதில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை. பகலில் வேலியைத் தாண்டி ஏலக்காய் வாசம் வந்தது. எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஸுஹைரா ஆவிச் சட்டியில் இருந்து வட்டலப்பத்தை இறக்கிவைத்து, முகம் கழுவி, தலையில் துணி போட்டு, ஒரு பெருநாள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கோப்பை எடுத்துவைத்திருந்தாள்.

"இருங்க தாத்தா. இண்டைக்கு நமக்கு யாருட வாசத்துக்கும் பயமில்ல."

பிஸ்மி சொல்லி ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். அவளுடைய முகம் ஒரு பக்கம் கோணியது. விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. எழும்பிப் போய்ப் பின்வாசலில் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்தாள்.

"கூடிப்போச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. உம்மா போடுற அளவுதான்." இன்னொரு தரம் எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனவள் அப்படியே கோப்பையில் போட்டுவிட்டாள். என்னைப் பார்த்த பார்வையை நான் எப்படிச் சொல்ல?

"எனக்குக் குமட்டுது தாத்தா. அவர் அந்தப் பிள்ளையிட்டச் சொன்ன பொய்யில இது ஒண்டு உண்மையாப் போச்சு."