தங்கையன் தும்மிய நாள்

தொட்டியத்துத் தங்கையனுக்கு அப்பன் வைத்துவிட்டுப் போன சொத்து, சவரக்கத்தி தீட்டும் தோல்வார் ஒன்றுதான். அதில் அவர் கத்தி தீட்டும் அழகைப் பார்த்துத்தான், 1936-இல் திருச்சி ஆஸ்பத்திரியில் என் மேல்பட்ட ஆய்வுக்கு உதவியாக வைத்துக்கொண்டேன். பதினோரு வருஷம் என்னோடு இருந்தார்.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருப்பது அட்ரீனல் சுரப்பி. இரண்டு மாதக் கருவில் அது சிறுநீரகத்தைவிடப் பெரிது. அதில் செல்கள் பெருகுவது ஓரத்திலா, நடுவிலா? ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ஜட்கா வண்டியில் பாலம் தாண்டி வந்து நான் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்காகத்தான். கரு கலைந்த தாய்மார் சம்மதித்துக் கொடுத்த கருக்கள் ஆறே ஆறு. அவற்றை மெழுகில் பதித்து, மயிரிழையைவிட மெல்லிய சீவல்களாக வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, இரண்டாகப் பிரியும் செல்களை எண்ண வேண்டும்.

திருச்சி வெயிலில் மெழுகு இளகிவிடும். தங்கையன் அந்த மெழுகுக் கட்டியைக் காவிரித் தண்ணீர்ப் பானையில் போட்டுவைப்பார். எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு ஜன்னலைச் சாத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுவார். நானோ முன்கோபி. "ஒரு சீவல் போச்சுன்னாலும் மறுநாள் வேலைக்கு வராதீங்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

ஆறாவது கருவில் நூற்றுப் பன்னிரண்டு சீவல்களை எண்ணிவிட்டு அடுத்த கண்ணாடியை எடுத்தேன். வெறும் கண்ணாடி. ஓரத்துக் காகிதத்தில் அவருடைய கோணல் எழுத்து: "113. தும்மிவிட்டேன். தேடியும் கிடைக்கவில்லை."

நிமிர்ந்தேன். தோல்வாரைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வீட்டுக்குப் புறப்பட்டவராக வாசலில் நின்றார்.

"நம்பரை மாத்தி ஒட்டியிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காதே!" என்று கத்தினேன்.

"ஒரு தாய் வயித்துல இருந்ததுங்க. இல்லாததை இருக்குன்னு எப்படிங்க ஒட்டுறது?"

எண்ணிக்கையில் ஓட்டை விழுந்துவிட்டது, பட்டம் போயிற்று என்று எனக்கு அழுகை வந்தது. அந்த மனுஷனை அனுப்பவும் மனம் வரவில்லை. "போய் உட்காருங்க" என்றேன். செல்கள் பெரும்பாலும் வெளியோரத்தில்தான் பெருகுகின்றன என்று எழுதினேன். ஒரு சீவல் தொலைந்ததையும் எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன்.

நான்கு மாதம் கழித்து, டாக்டர் மரகதவல்லி என்று என் பெயருக்குப் பரிசோதகரின் கடிதம் வந்தது. தொலைந்த ஒன்றை ஒப்புக்கொண்டதால்தான் மற்ற எண்ணிக்கைகளை நம்ப முடிந்ததாம், பட்டம் தரலாமாம். தங்கையனுக்கு வாசித்துக் காட்டினேன்.

கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அப்ப இனிமே தும்மலாம்ங்களா, டாக்டரம்மா?"

"தாராளமா தும்முங்க," என்றேன். "நூறாயுசு!"