எங்கள் அணியின் நான்காவது கோச்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில் ஒரு சின்னக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஓர் உதைபந்தாட்ட அணி இருந்தது. அணி என்று சொல்வதே கொஞ்சம் கூடத்தான். பாதிப்பேர் வேலை முடிந்து கண் எரிய எரிய வந்து விளையாடுவோம். நான்தான் கப்டன். வேறு ஒருவனும் ஓம் என்று சொல்லாததால் வந்த பதவி அது.

எங்களுக்கு வாய்த்த கோச்மாரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எல்லோரும் சம்பளமில்லாமல் வந்தவர்கள். முதலாமவர் ஒரு ஸ்கொட்லாந்து விரிவுரையாளர். அவர் கத்துவது ஆங்கிலம்தான் என்று எங்களுக்குத் தெரிய ஒரு மாதம் எடுத்தது. இரண்டாமவர் கல்லூரிக் காவலாளி, ட்ரினிடாட்காரர். பாட்டுப் பாடிக்கொண்டே எங்களை ஓடவிடுவார். அவர் பாட்டை நிறுத்தினால்தான் நாங்களும் நிற்கலாம். மூன்றாமவர் போர்த்துக்கீசர், கட்டட வேலைக்காரர். தங்கமான மனிசன், ஆனால் கொங்கிறீற் ஊற்றுகிற நாளில் அவரைக் கனவிலும் பிடிக்க முடியாது.

இந்த மூன்றாமவர் இருந்த வருடம், ஆள் சேராமல் ஓர் ஆட்டத்தை ஏற்கெனவே விட்டுக்கொடுத்திருந்தோம். இன்னொன்றும் அப்படிப் போனால் அணியையே மூடிவிடுவோம் என்று விளையாட்டு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பெரிய வீரர்கள் இல்லைதான், ஆனாலும் அந்த நாட்டில் வீட்டுக்கு வெளியே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வரவில்லையென்றால் தேடியது அந்தக் கூட்டம் ஒன்றுதான்.

கடைசி ஆட்டம் ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. நல்ல குளிர். நாங்கள் உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கும்போதே அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. குளிர் இன்னும் இறுகுமுன் ஊற்றி முடிக்க வேண்டுமாம், கோச் கொங்கிறீற்றோடு நிற்கிறாராம். மைதான ஓரத்து வாங்குப் பலகையில் ஒரு கோச் இருந்து நடுவரின் தாளில் கையெழுத்துப் போடாவிட்டால் ஆட்டமே இல்லை என்பது விதி.

மைதானத்துக்கு ஓடிப்போனால் அங்கே என் அம்மா. சேலைக்கு மேல் நீட்டுக் குளிர்ச் சட்டை, தலையில் கம்பளித் தொப்பி, கையில் வெறும் தட்டு. கடைசி ஆட்டமாயிற்றே, ஒருதரமாவது பார்ப்போம் என்று பஸ் பிடித்து வந்திருக்கிறார். எங்கே போனாலும் வெறுங்கையோடு போகமாட்டார். விடிய எழும்பி மட்டன் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருக்கிறார். எங்கள் சட்டை நீலம். வாராவாரம் தோய்த்துத் தோய்த்து அவருக்கு அந்த நிறம் பாடம். அன்றைக்கு வெளியூரிலிருந்து வந்த எதிரணியும் நீல ஜக்கெற்றோடு நின்றிருக்கிறது. முழு ரோல்ஸும் அவர்களுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

"என்ர மோன் எங்கயெண்டு கேட்டன், ஒருத்தருக்கும் விளங்கேல்லை. ஆனா பாவங்கள், நல்லாச் சாப்பிட்டுதுகள்" என்றார் அம்மா.

"மச்சான், உன்ர அம்மா எதிரிக்கு விருந்து வைச்சு முடிச்சிட்டா" என்று எங்கள் கோல்காப்பாளன் தலையில் கை வைத்தான்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அதற்குள் நடுவர் தாளோடு வந்து, உங்கள் கோச் எங்கே என்று கேட்டார். எதிரணிக் கோச் பக்கத்தில் நின்றார். பெரிய மீசைக்காரர். அவர் பேசாமல் நின்றிருந்தாலே போதும், வெற்றி அவர்களுக்கு. அந்த மனிசன் அம்மாவைக் காட்டி, "இதோ நிற்கிறாவே, இவதான் அவர்களின் கோச். எனக்கு நல்லாத் தெரியும்" என்று ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார். மீசையில் ரோல்ஸ் தூள் இன்னும் ஒட்டியிருந்தது.

நடுவர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தாளை நீட்டினார். "என்னத்துக்கு மோனை?" என்றார் அம்மா. "கேள்வி கேக்காமல் போடுங்கோம்மா" என்றேன். வடிவாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

ஆட்டம் தொடங்கியது. அம்மாவுக்குப் பந்து எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதே தெரியாது. ஆனாலும் சும்மா இருக்கவில்லை. எங்கள் முன்வரிசைக்காரன் ஒருவன், கயானாப் பெடியன், முழங்கால் பிசகி நொண்டி நொண்டி ஓடிக்கொண்டிருந்தான். எங்களில் அவன்தான் திறமான ஆள், அதனால் நாங்கள் காணாததுபோல் இருந்தோம். அம்மா கோட்டருகே போய், "தம்பி, ஓடினது காணும், வெளியில வா! கால் போனா உன்ர கொம்மாவுக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று போட்டார் ஒரு சத்தம். அவனுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. அந்தத் தொனி எல்லா வீட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது, தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டான். அவனுக்குப் பதிலாக உள்ளே போனவன் கடைசிவரை பந்தைத் தொடவேயில்லை.

மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். தோற்றுவிட்டுக் கட்டிப்பிடித்துத் துள்ளிய ஒரே அணி எங்களதாகத்தான் இருக்கும். அணி தப்பிவிட்டது. நான் படித்து முடித்துப் போன பிறகும் வேறு வேறு கோச்மார் வந்து நடத்தினார்கள்.

அந்த வருடத்துக் குழுப்படத்தில் போர்த்துக்கீசர் பின்னால் போய் நின்றுகொண்டு, கோச்சின் நடுக்கதிரையில் அம்மாவைத்தான் இருத்தினார். கல்லூரி நடைகூடத்தில் அந்தப் படம் கனகாலம் தொங்கியது. அன்று யார் வென்றது என்று அம்மா இதுவரை என்னிடம் கேட்டதில்லை. "அந்த மீசைக்காரன் பிறகும் ஒண்டு கேட்டவன், குடுக்க இல்லாமல் போச்சு" என்றுதான் இப்போதும் கவலைப்படுவார்.

வாழ்க்கையில் பிறகு எத்தனையோ பேர் எனக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்த மீசையில் ஒட்டியிருந்த ரோல்ஸ் தூள் ஞாபகத்துக்கு வர, என் கோபம் பாதியிலேயே ஆறிப்போகிறது.