மாம்பலம் ஏரியின் கடைசி மதகு திறப்பு

எங்கள் தந்தையாரை நாங்கள் நைனா என்றே அழைப்போம். அவர் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர் பலருக்கும் அவருடைய சில பழக்கங்களைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. அதற்கான விடையை மறைக்காமல் எழுதிவிடுவதே அவருக்கு மரியாதை என்று மூத்த மகளாகிய எனக்குப் படுகிறது.

நைனா பிறந்தது மாம்பலம் ஏரிக்கரையில். இன்று பூங்காவும் கடைத்தெருவும் மோட்டார் பஸ்ஸுமாக இருக்கும் இடமெல்லாம் அன்று தண்ணீர். அந்த ஏரியின் மதகைத் திறந்து மூடுவது அவர் பொறுப்பு. பலகையைத் தூக்கும் முன் மூன்று முறை, "மதகு தொறக்கறேன், மேல ஏறிக்கோ" என்று கூவவேண்டும். கீழே கால்வாயில் துணி துவைப்பவர்களும் மீன் அள்ளுபவர்களும் கரையேறிய பிறகே தண்ணீர் விடவேண்டும். நைனா ஒரு நாளும் இதில் தவறியதில்லை, ஒரு நாளைத் தவிர.

புது நகர் கட்ட ஏரியை வடிக்க உத்தரவான நாள் அது. பயிர் வேலை நின்று, கால்வாய்ப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லை. யாருக்காகக் கூவுவது என்று நினைத்தாரோ என்னவோ, நைனா கூவாமலே பலகையைத் தூக்கிவிட்டார். கஞ்சி கொண்டுபோன அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். தண்ணீர் பாய்ந்த சற்று நேரத்தில் ஒரு மீன்கூடையும் தலைத்துண்டும் சுழன்று போவதை இருவரும் பார்த்தார்கள். ஆளைக் காணவில்லை. பிணமும் கிடைக்கவில்லை.

அன்றோடு நைனா வேறு மனிதராகிவிட்டார். ஏரியும் கால்வாயும் தூர்க்கப்பட்டு, மனைகளுக்கு முளை அடிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. நாணயமாக உழைத்து எங்கள் நால்வரையும் கரையேற்றினார். ஆனால் எந்த வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினாலும் ஓடிப்போய்க் குழிக்குள் எட்டிப் பார்ப்பார். ஒருமுறை எலும்பு வந்தது. எருமை எலும்புதான் என்று ஆட்கள் சொன்ன பிறகும் மண்ணில் உட்கார்ந்து அழுதார். கிரகப்பிரவேசத்துக்குப் போனால் முதல் கேள்வியே, "ஏரி வடிச்ச வருஷம் உங்க சனத்துல யாராச்சும் காணாம போனாங்களா?" மனிதர்கள் வெலவெலத்துப்போய் வெற்றிலை பாக்கைக் கையில் திணித்து அனுப்பிவிடுவார்கள். நல்ல வெயிலில் தார் போட்ட தெருவில் நடக்கும்போது, சில இடங்களில் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தடவித் தடவிக் கால் வைப்பார். அந்த இடங்களில் நானும் சுற்றியே போவேன். இன்றும் அப்படித்தான்.

கடைசிக் காய்ச்சலிலும், "நா ஒரு ஆளக் கொன்னுட்டேன்" என்பதே பேச்சு. அந்த எண்ணத்தோடேயே போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று மந்தைவெளியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. படத்தை விழுந்து கும்பிட்டுவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "ஏரி வடிச்ச அன்னிக்கு நாந்தாம்மா கால்வாயில மீன் அள்ளிக்கினு இருந்தேன். மதகு தொறக்கறேன், மேல ஏறிக்கோன்னு மூணு வாட்டி கூப்டாரு. கூடய வுட்டுட்டு ஏறிட்டேன். இன்னிக்கி நாலு பேரன் பேத்தி கீது. ஒரு வார்த்த சொல்ல இத்தினி வருசமா வரல. பொயப்பு அப்பிடி."

பதினாறு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மா மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு வாயத் தொறக்கலியே. நா பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன்."

பெரியவர் குழம்பிப்போனார். "கொரலு மதகுக்கு உள்ளாருந்து வந்துச்சும்மா. உள்ள எறங்கி நின்னுக்கினு கூப்டறாருன்னு நெனைச்சேன்."

மூடிய மதகுக்குள்ளே தண்ணீரைத் தவிர வேறு என்ன இருக்கும்? அதன்பின் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நைனாவின் நோயில் துணை நின்ற வைத்தியருக்கும், பாடை சுமந்த அண்டை வீட்டாருக்கும், காரியங்களை நடத்தித்தந்த மாமன்மார்களுக்கும், தாமதமாகவேனும் வந்த அந்தப் பெரியவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று நைனாவுக்குப் பதிலாகக் கூவியவருக்கும் நன்றி சொல்லவேண்டும். எந்தத் திசை பார்த்துக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.