பாதி மஞ்சள் சுவர்

இந்த அகால நேரத்தில் குழுவில் எழுதுவதற்கு மன்னியுங்கள். கையில் இன்னும் பெயிண்ட் வாசம் போகவில்லை.

காலையில் மும்பை செம்பூரில் தோழி சுகந்தியின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். ஹால் அப்படியே சினிமா வீடு. கடுகு மஞ்சள் சுவர், பச்சை ஜன்னல், பூப்போட்ட குஷன், மூலைக்கு மூலை குட்டி விளக்கு.

"ஒரு படத்துல பாத்தேன்டி. அதே மாதிரி வேணும்னு அவர்கிட்ட அடம்பிடிச்சுட்டேன்" என்றாள்.

என் நாலு வயது மகள் அங்கே வந்திருந்த எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "அம்மா, நம்ம வீடு மட்டும் ஏன் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு?"

"வாடகை வீட்டுல அம்மா என்னடா செல்லம் பண்ணுவா, பாவம்" என்று சுகந்தி அவளைக் கொஞ்சினாள்.

அந்தப் "பாவம்"தான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பும் வழியிலேயே ஒரு டப்பா மஞ்சள் பெயிண்ட் வாங்கிவிட்டேன்.

பாதிச் சுவர் அடித்த பிறகுதான் நினைவு வந்தது: பதினோரு மாத அக்ரிமென்ட் முடிகிறது, புதுப்பிக்க நாளைக் காலை ஓனர் ஆன்ட்டி வருகிறார். போன வருடம் ஒரே ஒரு ஆணிக்கு, "யே க்யா கியா?", என்ன பண்ணி வச்சிருக்கே, என்று இந்தியில் கத்தியவர்.

மகளோ, "இப்ப சுகந்தி ஆன்ட்டிய நம்ம வீட்டுக்குக் கூப்பிடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தூங்கினாள்.

உண்மையைச் சொன்னால், எங்கள் மஞ்சள் சுகந்தியுடையதைவிட நன்றாகவே இருக்கிறது.

மீதியையும் அடித்துவிடவா, பீரோவை நகர்த்தி மறைக்கவா? ஆன்ட்டி பத்து மணிக்கு வந்துவிடுவார். சீக்கிரம் பதில் போடுங்கள்.