கல் என்று சொன்ன வருத்தமும் எங்கள் அண்ணையும்

எங்கள் அண்ணை சண்டிலிப்பாயில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின்னால் நாங்கள் மூன்று பெண்கள். நான் கடைக்குட்டி. ஐயா நேரத்தோடு கண்ணை மூடிவிட்டதால், கணக்கில் கெட்டிக்காரராக இருந்த அண்ணை புத்தகத்தை வைத்துவிட்டு மண்வெட்டியைக் கையில் எடுத்தார். வெங்காயமும் புகையிலையும் செய்து எங்களைப் படிப்பித்தார். சண்டையால் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்த காலத்திலும் சும்மா இருக்கவில்லை. பிறத்தியாரின் காணியைக் குத்தகைக்கு எடுத்துக் கத்தரி நட்டார். எங்கள் மூவரையும் கரைசேர்த்த பிறகே தான் கலியாணம் செய்தார். அதுவரை மச்சாள், எங்கள் அண்ணி, பொறுமையாகக் காத்திருந்தது அண்ணை செய்த புண்ணியம்.

அண்ணைக்கு ஒன்றையும் மறைக்கத் தெரியாது. சந்தையில் வாங்க வந்தவர் அள்ளிய வெங்காயத்துக்குள் கையை விட்டு, "உது பழுது, விடுங்கோ" என்று தானே பொறுக்கி எறிவார். "உவர் யாவாரம் செய்து உருப்பட்ட மாதிரித்தான்" என்று மச்சாள் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் வாங்கியவர்கள் அடுத்த முறையும் அண்ணையைத்தான் தேடி வந்தார்கள்.

அண்ணைக்கு வந்தது புரொஸ்ரேட் புற்றுநோய். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் இருக்கும் சிறிய சுரப்பி அது. பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்து அதை முழுதாக எடுத்தார்கள். அந்த நேரத்தில்தான் மருமகளுக்கு, அதாவது அண்ணையின் ஒரே மகளுக்கு, கலியாணத்துக்குக் குறிப்புப் பார்க்கத் தொடங்கியிருந்தோம். கான்சர் என்று வெளியே தெரிந்தால் பரம்பரை நோய், பரம்பரை வருத்தம் என்று வருகிறவர்கள் படலையோடு திரும்பிவிடுவார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் பயம்.

"கிட்னியிலை கல்லு, அந்தக் கல்லு ஒப்பரேசன் எண்டு சொல்லுவம்" என்றார் மச்சாள். அண்ணை மனமில்லாமல் தலையாட்டினார். ஊரும் அப்படியே நம்பியது.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு இரத்தப் பரிசோதனை நல்லபடியாகவே வந்தது. அண்ணை மறுபடியும் தோட்டத்துக்கு இறங்கினார். பிறகு இரத்தத்தில் அந்த நோயைக் காட்டும் பெறுமானம் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. கிளினிக்குக்கு நானும் கூடப் போயிருந்தேன்.

"அதைத்தான் எடுத்துப் போட்டியளெல்லே, டொக்டர். பிறகு எங்கையிருந்து வாறது?" என்று அண்ணை கேட்டார்.

"ஐயா, ஒப்பரேசனுக்கு முதலே கண்ணுக்குத் தெரியாத கான்சர்க் கலங்கள் சிலது வெளியாலை போயிருக்கும். சிலது அந்த இடத்துக்குப் பக்கத்திலை நிக்கும். சிலது இரத்தத்தோடை போய் எலும்பிலை தங்கும். கன நாளைக்குச் சத்தமில்லாமல் கிடந்திட்டுப் பிறகு வளரும். இது புது வருத்தமில்லை, பழையதின்ரை மிச்சம்தான்."

அண்ணைக்குத் தோட்டம் நினைவுக்கு வந்தது. "விளங்கீட்டுது. கோரை. மேலாலை புடுங்கினாலும் கிழங்கு கிடந்தால் முளைக்கும்."

டொக்டர் சிரித்தேவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். கொஞ்சக் காலம் அடங்கிக் கிடந்தது. பிறகு நாரி நோ, அடிமுதுகு வலி, வந்தது. குனிந்து வெங்காயம் நட ஏலாமல் போனது. ஊருக்கு அவருடைய வருத்தம் கல் அல்லவா? கல் திரும்ப வந்துவிட்டது என்று சொந்தங்கள் வாழைத்தண்டோடு வரத் தொடங்கினார்கள். சாறு பிழிந்தும் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர்களின் மனம் நோகக்கூடாது என்று அண்ணை ஒரு சொட்டும் விடாமல் குடித்தார். ஸ்கான் எடுத்துப் பார்த்தபோது முள்ளந்தண்டிலும் இடுப்பெலும்பிலும் புற்றுநோய் பரவியிருந்தது.

அதற்குள் பருத்தித்துறையில் மருமகளுக்கு ஒரு நல்ல இடம் சரிவந்து, கலியாணத்துக்கு நாளும் வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பனார் அங்கே இரும்புக்கடை வைத்திருப்பவர். அண்ணை ஒரே பிடியாக நின்றார்.

"நான் போய் உண்மையைச் சொல்லப் போறன்."

"கலியாணம் முடியட்டும். பிறகு சொல்லலாம்" என்று மச்சாள் அழுதார்.

"பிறகு சொல்லுறதுக்குப் பேர் ஏமாத்திறது" என்றார் அண்ணை.

மருமகள் உள்ளே போய்த் தகப்பனின் வேட்டியையும் சேட்டையும் எடுத்துவந்து கொடுத்தாள். அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கண் கலங்கும்.

துணைக்கு நான் போனேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் அண்ணை கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். அவர்கள் வீட்டில் தேத்தண்ணி வந்தது. அதைத் தொடாமலே அண்ணை தொடங்கினார்.

"எனக்குச் செய்தது கல்லு ஒப்பரேசன் இல்லை. கான்சர், புரொஸ்ரேட்டிலை. எடுத்தும் திரும்ப வந்து இப்ப எலும்பிலை நிக்குது. நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னால் எனக்குக் கோவமில்லை. உங்களுக்குத் தெரியாமல் பிள்ளையைத் தர எனக்கு மனமில்லை."

மாப்பிள்ளையின் தாயார் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன். தகப்பனார் கதிரையை அண்ணைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"நானும் இரவிலை எழும்பி எழும்பி ஒண்டுக்குப் போறனான். போனாலும் முடிஞ்ச மாதிரி இல்லை. வயசு எண்டு விட்டிட்டன். உங்களுக்கும் அப்பிடியோ துவங்கினது?"

"ஓம், அப்பிடித்தான். எல்லாருக்கும் உது கான்சராய் இருக்காது. ஆனால் பாக்காமல் விடாதேங்கோ. முதல் இரத்தத்தைக் குடுத்துப் பாருங்கோ."

இரண்டு பேரும் வெட்கத்தை விட்டுக் கதைத்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "அப்ப கலியாணம்?" என்று இடையில் கேட்டுவிட்டேன்.

"அதுக்கென்ன பிள்ளை, நாள் வைச்சாச்செல்லோ" என்றார் அவர்.

கலியாணம் நல்லபடி நடந்தது. அண்ணை கதிரையில் இருந்தபடியே கன்னிகாதானம் செய்தார். அண்ணை சொன்னபடியே சம்பந்தி பரிசோதனைக்குப் போனார். அவருக்கும் அதே வருத்தம் இருந்தது. ஆனால் பரவுவதற்கு முன்பே பிடித்துவிட்டார்கள். சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று அண்ணை நோவையும் மறந்து மச்சாளிடம் பாயாசம் கேட்டார்.

கடைசி மாதங்கள் படுக்கையிலேயே போயின. நோவு கூடினாலும் யாரையும் ஏசவில்லை. மகளின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போனார்.

அண்ணையின் நோவைத் தணித்த வைத்தியர்களுக்கும், முகம் சுளிக்காமல் துடைத்துவிட்ட தாதியருக்கும், குலுங்கக்கூடாது என்று ஓட்டோவில் தலையணை அடுக்கி ஏற்றிப்போன அயல்வீட்டுத் தம்பிக்கும் நன்றி. வாழைத்தண்டு கொண்டுவந்தவர்களுக்கும் உண்மையான நன்றி. வருத்தத்தின் பேரைத்தான் நாங்கள் மாற்றிச் சொன்னோம், உங்கள் அன்பில் ஒரு பிழையும் இல்லை. மச்சாளுக்கு நன்றி சொல்ல எனக்குச் சொல் போதாது.

அண்ணை போய் எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அவருக்காக அச்சடிக்கும் இந்த நினைவு மலரைப் பற்றிக் கதை வந்தது. "உந்த வருத்தத்தின்ரை பேரைப் போடாதேங்கோ. சுகவீனம் எண்டு போட்டால் காணும்" என்றார் எங்கள் சொந்தத்தில் மூத்தவர் ஒருவர். நான் மச்சாளைப் பார்த்தேன். அவர் வாய் திறக்குமுன் சம்பந்தி எழும்பினார்.

"பேரைப் போடுங்கோ, தங்கச்சி. அது எனக்கும் வந்தது எண்டும் போடுங்கோ. அவர் வந்து சொன்னபடியால்தான் நான் இண்டைக்கு இதிலை நிக்கிறன் எண்டும் போடுங்கோ."

போட்டிருக்கிறேன்.