கைபேசி எண் என்னும் கட்டம்

அடுத்தவர் பெயரையும் அவருடைய அப்பா பெயரையும் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருக்கிற தொழில் எங்களுடையது. வெண்ணந்தூரில் ஒரு கணினி, ஒரு பிரிண்டர், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, இவ்வளவுதான் என் கடை. ஆன்லைன் விண்ணப்பத்தில் கடைசிக் கட்டம் வரை வந்து, நேரம் முடிந்தது, மறுபடி தொடங்கவும் என்று திரை சொல்ல, பல்லைக் கடித்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஒரே தட்டு

சாதிச் சான்றோ, வருமானச் சான்றோ, எதை எடுத்தாலும் நாற்பது கட்டம். போன மாதம் அடித்த அதே கதவு எண்ணையும் தெருவையும் இந்த மாதமும் அடிக்க வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் என் முதுகையே முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

மேட்டூரில் வேலை பார்க்கிற என் கொழுந்தனுக்குக் கணினி என்றால் தண்ணீர்பட்ட பாடு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வந்து உட்கார்ந்து, என் கடைக்கென்றே ஒரு மென்பொருள் எழுதிக்கொடுத்தான். ஒரு குடும்பத்தின் விவரத்தை ஒருமுறை சேமித்துவிட்டால் போதும். அடுத்த தடவை எந்த விண்ணப்பத்தைத் திறந்தாலும் அதுவே மளமளவென்று நிரப்பிவிடும். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னான்: "ஒரே தட்டு அண்ணி. மிச்சத்த அது பாத்துக்கும்."

இல்லத்தரசி

சரோஜா அக்கா விசைத்தறி ஓட்டுகிறவர். கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டார். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த மகள் கௌசல்யாவின் உதவித்தொகைக்காக வருமானச் சான்று கேட்டு வந்திருந்தார். பெண் என்று குறித்ததுமே தொழில் என்ற கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று மென்பொருள் தானாகப் போட்டுக்கொண்டது. கொழுந்தன் அப்படி வைத்திருந்தான், நானும் பார்க்கவில்லை. அக்கா திரைக்குப் பக்கத்தில் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "வெடியால அஞ்சு மணிக்குத் தறிக்குப் போனா பொழுது எறங்கித்தானுங்க ஊட்டுக்கு வாரேன். என்னைய ஒரு வார்த்த கேக்காம, சும்மா உக்காந்திருக்கறவன்னு போட்டுட்டீங்களே?"

ஊருக்கெல்லாம் ஒரு போன்

அன்றிலிருந்து நிரம்பிய கட்டங்களைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவது என்று வைத்துக்கொண்டேன். நல்ல பழக்கம்தான். ஆனால் கைபேசி எண் என்ற கட்டத்தில் மட்டும் பலருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. வெறுமையாக விட்டால் கட்டம் சிவப்பாகும், விண்ணப்பம் நகராது. அதனால் எண் இல்லாதவர்களுக்குக் கடை எண்ணையே போட்டுவிடுவேன். சரோஜா அக்காவுக்கும் அப்படித்தான். வீட்டிலிருந்த ஒரே போனை அவர் கணவர் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

இதனால் பாதி ஊருக்கு வரும் அரசாங்கச் செய்தி என் போனில்தான் வந்து விழும். நானே போய்ச் சொல்லிவிட்டு வருவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைக்கவில்லை. முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட்டிருந்த அய்யாவு தாத்தா டீ குடிக்கப் போகும்போதெல்லாம் கடைக்குள் தலையை நீட்டுவார்: "சாமி, உன்ற போனுல எனக்கு ஏதாச்சும் வந்துச்சா?"

மே மாதக் கூட்டம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் வரிசை ரோடு வரை நின்றது. படித்துக் காட்டுவதை விட்டுவிட்டேன். போன் ஓயாமல் கத்திக்கொண்டிருந்ததால் அதன் வாயையும் அடைத்துவிட்டேன்.

கௌசல்யா நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க வந்தாள். கையில் புதுப் போன். சேர்க்கைச் செய்தி வரும் என்பதற்காகவே அம்மா வாங்கிக்கொடுத்தது என்றாள். நான் ஒரு தட்டுத் தட்டினேன். முன்பு சேமித்த விவரம் அப்படியே வந்து உட்கார்ந்தது. ஓடிபி என் போனுக்கு வந்தது; அதையும் பார்த்து அடித்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "தகவல் போனுக்கு வரும், பத்திரமா வெச்சுக்கோ கண்ணு" என்று வாய் கூசாமல் சொல்லி அனுப்பினேன்.

கூட்டம் ஓய்ந்த ஒரு காலையில் பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே வந்தபோது அவள் பெயர் இருந்தது. சான்றிதழ்களோடு நேரில் வரச் சொன்ன நாள் முந்தின நாளோடு முடிந்திருந்தது. கடையைப் பூட்டிக்கொண்டு தறிக் கொட்டகைக்கு ஓடினேன். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. சரோஜா அக்கா தறியை நிறுத்தினார். அம்மாவுக்கு ஒத்தாசையாக நின்ற கௌசல்யா, ஜன்னலில் வைத்திருந்த போனை எடுத்து, திரையைத் துடைத்து, என்னிடம் நீட்டினாள்: "நான் தெனமும் சார்ஜ் போட்டுத்தானுங்க்கா வெச்சிருந்தேன்."

திரும்பி வந்த பஸ்

மறுநாள் மூவரும் சேலத்தில் இருந்த சேர்க்கை அலுவலகத்துக்குப் போனோம். தப்பு முழுக்க என்னுடையது என்று கவுன்டரில் சொன்னேன், அழுதேன். இடம் பட்டியலில் அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டது என்றார்கள். அவர்கள் முறைப்படிதான் செய்திருந்தார்கள். திரும்பும் பஸ்ஸில் சரோஜா அக்கா எனக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்தார். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. ஆட்டையாம்பட்டி தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "வாய்க்கு வந்தபடி திட்டோணும்னுதானுங்க இருக்குது. அடுத்த வருசமும் உங்ககிட்டத்தான வந்து நிக்கோணும்."

ஒரு விரல்

கௌசல்யா ஒரு வருஷம் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றினாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு நடை வேகமாகிவிடும். கொழுந்தனை வரவழைத்து, கைபேசி எண்ணை மட்டும் மென்பொருள் தொடவே கூடாது என்று மாற்றி எழுத வைத்தேன். "அண்ணி, வேல மெதுவாகுமே" என்றான். ஆகட்டும் என்றேன்.

இந்த வருஷம் அவள் மறுபடியும் வந்தாள். வரிசை அப்போதும் ரோடு வரை இருந்தது. மற்ற கட்டங்கள் நிரம்பியதும் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். கடைசியில் அந்த ஒரு கட்டம் வெறுமையாக, சிவப்பாக நின்றது. கீபோர்டை அவள் பக்கம் தள்ளினேன். ஒற்றை விரலால் பத்து எண்ணையும் அடித்தாள், இரண்டு தடவை சரிபார்த்தாள். அதுவும் போதாமல், திரையில் இருப்பதைப் பார்த்து என் போனிலிருந்து கூப்பிடச் சொன்னாள். கூப்பிட்டேன். அவள் கையிலிருந்த போன் அடித்தது. உடனே நிறுத்தாமல், அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகுதான் சொன்னாள்: "இப்பத் தட்டுங்க்கா."

முப்பத்தொன்பது கட்டத்தை நிரப்ப இன்றும் எனக்கு ஒரு நொடி போதும். நாற்பதாவது கட்டத்துக்குத்தான் ஒரு வருஷம் பிடித்தது, அதுவும் என்னுடைய வருஷம் இல்லை.