மிச்சமிருந்த நான்கு நிமிடம்

பதினெட்டாவது நிமிடத்தில் மஞ்சள் அட்டை எழும். பேசுகிறவர் பார்க்காதது போல் இருந்தால் அது ஒரு சாண் உயரும். அப்போதும் பார்க்காவிட்டால் இடமும் வலமும் ஆடும். இருபதாவது நிமிடத்தில் சிவப்பு அட்டை. அதற்கும் மசியாதவருக்கு மணி. மேசை மேல் வைத்துத் தட்டுகிற சின்னப் பித்தளை மணி. உள்ளங்கையால் ஒரே அடி. மணிக்கும் அசையாத மகானுபாவர்கள் உண்டு. அவர்களுக்கு மணிக்காரர் இடது கையை நீட்டி ஒலிபெருக்கியின் குமிழைத் திருகிவிடுவார். பேராசிரியரின் வாய் அசைந்துகொண்டிருக்கும், குரல் மட்டும் இருக்காது.

எங்கள் மொழியியல் மாநாடு ஆண்டுக்கொரு முறை, மூன்று நாள், இந்த அரங்கில்தான் நடக்கிறது. மூளை சொற்களை எங்கே வைத்திருக்கிறது, எப்படித் தேடி எடுக்கிறது, ஏன் சில சமயம் எடுக்க முடியாமல் திணறுகிறது என்று ஆளுக்கு இருபது நிமிடம் பேசுவோம். மணிக்காரர் இந்த அரங்கின் ஊழியர். விளக்கு, திரை, ஒலிபெருக்கி, நாற்காலி எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் பதினோரு வருடமாக எங்களுக்கு அவர் மணிக்காரர்தான். அவருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒல்லியான ஆள். சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். கறுப்புக் கயிற்றில் நிறுத்துக் கடிகாரம் ஒன்று மார்பில் தொங்கும். ஒவ்வொருவர் பேச வரும்போதும் அதன் கண்ணாடியைச் சட்டை நுனியால் ஒரு துடை துடைத்த பிறகுதான் பொத்தானை அமுக்குவார். இருநூறு நாற்காலி இருக்கிற அரங்கில் அவர் உட்காருவது முதுகில்லாத முக்காலியில். "சாஞ்சா கண்ணு சொக்கும் மேடம். இவங்க பேசுறது வேற அப்படி" என்பார்.

எங்கள் தில்லுமுல்லு அத்தனையும் அவருக்கு அத்துப்படி. "'இறுதியாக'ன்னு சொன்னா இன்னும் ஏழு நிமிஷம். 'ஒரே ஒரு வார்த்தை'ன்னா பத்து. நடுவுல தண்ணி குடிச்சாங்கன்னா அட்டையைப் பார்த்துட்டாங்கன்னு அர்த்தம். வணக்கம் சொல்லவே நாலு நிமிஷத்தைத் தின்னுட்டு, அப்புறம் நேரமில்ல நேரமில்லன்னு மூக்கால அழுவாங்க." இதை என்னிடம் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நான் அந்தக் கூட்டத்தில் சேர்த்தியில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

அப்படிப்பட்டவரிடம் ஒரே ஒரு குறை இருந்தது. இரண்டு மூன்று வருடமாக, மதிய இடைவேளை முடிந்து வரும்போது மட்டும் தாமதமாக வருவார். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம், ஒரு நாள் பன்னிரண்டு நிமிடம். போன வருடம் அவர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே ஓடி வந்தபோது நான் மேடையிலிருந்தே ஒலிவாங்கியில் கேட்டேன்: "மணிக்காரருக்கே மணி அடிக்க ஒரு ஆள் வேணும் போலிருக்கே?" அரங்கம் சிரித்தது. அவரும் சிரித்தார். "நாளைக்குச் சரியா வந்துடறேன் மேடம்" என்றார். மறுநாளும் எட்டு நிமிடம் தாமதம்.

இந்த வருடம் முதல் நாள் மாலை என்னிடம் வந்து நின்றார். "நாளைக்குக் காலையில உங்க பேச்சுதானே மேடம்? வீட்டுலேந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வரலாமா? ஓரமா ஒரு நாற்காலி போதும்."

"தாராளமா வரட்டும்" என்றேன், கணினியிலிருந்து தலையைத் தூக்காமல். படிக்கிற பிள்ளை யாராவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். யார் என்று கேட்க ஒரு வினாடி போதும், கேட்கவில்லை.

என் ஆராய்ச்சியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பக்கவாதத்தில் பேச்சு பாதிக்கப்பட்டவர்களை என் மாணவி மருத்துவமனைக்குப் போய்ப் பதிவு செய்வாள். ஒரு படத்தைக் காட்டிப் பெயர் கேட்பாள். இருபது வினாடி அவகாசம். அதற்குள் சொல்லாவிட்டால் கருவி 'பீப்' என்று ஒலிக்கும், தவறு என்று குறித்துக்கொள்வாள். அவர்களுக்குப் பெயர் கிடையாது. முதல் நபர், இரண்டாம் நபர் என்று எண்கள்தான். சிலருக்குச் சொல்லே அழிந்துபோய்விடுகிறது, எவ்வளவு காத்திருந்தாலும் வராது என்பது என் கட்சி. சொல் அழிவதில்லை, போகிற வழிதான் அடைபடுகிறது, காத்திருந்தால் கிடைக்கும் என்பது எங்கள் துறையின் பெரியவர் ஒருவரின் கட்சி. ஏழு வருடமாக இந்த மல்லுக்கட்டு நடக்கிறது. பெரியவர் எப்போதும் முன்வரிசையில்தான் உட்காருவார்.

இரண்டாம் நாள் காலை ஒன்பதாம் நபரின் குரலை அரங்கத்தில் ஒலிக்கவிட்டேன். ஒரு பெண் குரல். காட்டிய படம் குடை. "அது... மழை... இல்ல, மழை இல்ல. மழைக்கு... அய்யோ, தெரியும். எனக்குத் தெரியும்." சற்று மௌனம். பிறகு என் மாணவியைப் பார்த்து அதட்டல்: "நீ சொல்லாத! வாயை மூடு. நான்தான் சொல்லுவேன்." பீப்.

அரங்கம் குபீரென்று சிரித்தது. பொல்லாத சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் சிரிப்பு. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாற்பது பதிவுகளில் இதை நான் தேர்ந்தெடுத்ததே அந்தச் சிரிப்புக்காகத்தான். காலை அமர்வு, பாதிப்பேர் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள், ஒரு கலகலப்பு வேண்டுமே என்று. "தெரியும் தெரியும் என்கிறார். ஆனால் அங்கே சொல் இல்லை" என்று நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். பதினாறாவது நிமிடத்தில் பேச்சை முடித்தேன். மணிக்காரருக்கு அட்டையைத் தூக்குகிற வேலைகூட வைக்கவில்லை என்ற பெருமையோடு இறங்கினேன்.

தேநீர் இடைவேளையில் அவர் வந்தார். "மேடம், மிச்சத்தை எப்ப போடுவீங்க?"

"எதோட மிச்சம்?"

"அவ பேசினதுதான். 'குடை'ன்னு சொன்னது வரலையே. அதுக்கு முன்னாடியே நின்னு போச்சு."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் கை காட்டிய பக்கம் பார்த்தேன். மூன்றாவது வரிசையின் ஓர நாற்காலியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத நீலப் புடவை. வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. இடது கையில், வந்தவர்களுக்கெல்லாம் நாங்கள் கொடுக்கிற மாநாட்டுக் கோப்புறையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

"ஒன்பதாவது நபர் என் வீட்டுக்காரிதான் மேடம். சம்மதப் படிவத்துல நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதுக்குக் கீழ உங்க கையெழுத்தும் இருந்துச்சே, உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார். நாற்பது படிவத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டவள் நான்.

"அன்னைக்கு நான் பக்கத்துலயே இருந்தேன். பீப் அடிச்சும் அவ விடல. அந்தப் பொண்ணும் நல்ல பொண்ணு, மிஷினை நிறுத்தாம காத்திருந்துச்சு. கொஞ்ச நேரத்துல பளிச்சுனு 'குடை'ன்னா. யாரும் எடுத்துக் கொடுக்காம, தானா அவ சொன்ன முதல் வார்த்தை மேடம், ரெண்டு வருஷத்துல. பெரிய பெரிய படிச்சவங்க எல்லாம் நீ சொன்னதைக் கேட்கப் போறாங்கன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். வெளியில வர மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னா."

எனக்கு அது தெரியாது என்று சொல்ல முடியுமா? பதிவுகளைத் தொகுக்கும்போதே மாணவி சொன்னாள்: "மேடம், இவங்க நாற்பத்தோராவது வினாடியில சொல்லிடறாங்க." நான் சொன்ன பதில்: "இருபதுக்கு மேல வந்தா வராத கணக்குதான். வெட்டிடு." விதி என்னவோ அப்படித்தான். ஆனால் விதிக்காக நான் வெட்டவில்லை. என் கட்சிக்காக வெட்டினேன்.

வாயில் வந்ததைச் சொன்னேன். "நேரம் இல்லாம போச்சுங்க."

யாரிடம் போய் என்ன சொல்கிறோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பழக்க தோஷத்தில் மார்பில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நிமிஷம் மிச்சம் இருந்துச்சு மேடம்" என்றார், மெதுவாக.

காதுமடல் சுட்டது. "சாயங்காலம் நிறைவு விழாவுல போட்டுடலாம்" என்றேன், அங்கிருந்து தப்பித்தால் போதும் என்று. அவர் அதை அப்படியே நம்பினார். முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அவ இருக்கட்டும். இன்னைக்கு மத்தியானம் லேட் ஆகாது மேடம், ஆள் இங்கேயே இருக்காளே. மத்த நாள்ல வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு கொடுக்க அஞ்சு நிமிஷம்தான். அதுக்கப்புறம் அவ ஏதாவது சொல்ல வருவா. பாதில எழுந்து வர மனசு வராது." அன்று மதியம் சரியாக இரண்டு மணிக்கு அவர் மணி அடித்தார். ஒரு வினாடி முந்தவில்லை, பிந்தவில்லை.

மூன்றாம் நாள் சுற்றுலா என்பதால் நிறைவு விழா இரண்டாம் நாள் மாலையே. நன்றியுரை என்னுடையது, மூன்று நிமிடம். கணினி மேடையில் இருந்தது. முழுப் பதிவும் அதில் இருந்தது. வேண்டியது நாற்பத்தோரு வினாடி. முன்வரிசையில் பெரியவர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சொல் ஒலித்தால் ஏழு வருட வழக்கில் அவர் ஜெயித்துவிடுவார். அரங்கின் ஓரத்தில் மணிக்காரர் முக்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார், கை ஒலிபெருக்கிக் குமிழின் மேல். இந்த முறை குறைப்பதற்கு அல்ல. மனைவியின் குரல் வந்ததும் கூட்டுவதற்கு.

நான் நன்றி சொன்னேன். துணைவேந்தருக்கு, சமையல்காரருக்கு, துப்புரவுப் பணியாளர்களுக்கு. "நேரம் தவறாத நம் மணிக்காரருக்கும்" என்று சொன்னபோது பலத்த கைதட்டல். இரண்டு நிமிடம் நாற்பது வினாடியில் முடித்து இறங்கிவிட்டேன். அவர் கை இன்னும் கொஞ்ச நேரம் குமிழின் மேலேயே இருந்தது.

பின்வாசல் வழியாகப் போயிருக்கலாம். போகத்தான் நினைத்தேன். எப்படியோ முன்வாசலுக்கு வந்துவிட்டேன். அந்த அம்மாள் வாசலருகே ஒரு நாற்காலியில், கோப்புறையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். மணிக்காரர் பக்கத்தில் நின்றார். எனக்கு "அம்மா..." என்று மட்டும் வந்தது.

அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க..." என்றார். அடுத்த சொல் வரவில்லை. "நீங்க... அன்னைக்கு இல்ல... இன்னைக்கு... அதை..." இடது கை கோப்புறையை விட்டுவிட்டுக் காற்றில் எதையோ தேடியது. முப்பது வருடமாக அடுத்தவர் வாக்கியத்தை முடித்துவைத்தே பழகிய வாய் எனக்கு. "பதிவா அம்மா? படமா? நான் போட்டேனே, அதுவா?" என்று அடுக்கினேன்.

மணிக்காரரின் விரல் உயர்ந்தது. "எடுத்துக் கொடுக்காதீங்க மேடம்."

உள்ளே விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. "அண்ணே, பூட்டட்டுமா? நேரமாச்சு" என்று காவலாளி குரல் கொடுத்தார். அந்த அம்மாள் கண்ணை மூடித் தேடிக்கொண்டிருந்தார். மணிக்காரர் கறுப்புக் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றி, கடிகாரத்தைப் பக்கத்து நாற்காலியில் முகம் கவிழ்த்து வைத்தார்.